ஆறு மணி வோல்டேஜ்

பெருமாள்புரத்தில் ஒரு வீட்டு ஷெட்.
ஸ்கூட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே
போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது
பத்தொன்பது கிலோ.
விற்பவர் எபனேசர் கிருபா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர்.
மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போகிறாராம்.
"கீழ இருக்கது போலீஸ் ரைட்டர்.
ஒரு தடவ மீட்டுனா மேல ஏறி வந்துருவாரு."

போர்வையை எடுத்தார்.
முகப்பில் மூன்று பள்ளங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு டப்பாவைச் செருகலாம், உருவலாம்.
பின்னால் நாலு பெரிய வால்வு,
இடுப்பைப் பிடிக்கவைக்கும் டிரான்ஸ்பார்மர்.
உடம்பு ஒன்று,
தொண்டை வேறு வேறு.

"ஒரு நிமிசம் பொறுங்க, சூடாகட்டும்."
பாலை அடுப்பில் வைத்தவர்கள் மாதிரி நிற்கிறோம்.
கண்ணாடிக்குள் செம்மஞ்சள் மெல்ல ஏறுகிறது.

எனக்கு வேண்டியதை வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன்.
சனிக்கிழமை வண்ணார்பேட்டையில் வரவேற்பு:
அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கு ஒரு படி கீழே
கிட்டார் நடக்க வேண்டும்.
ஞாயிறு ஏழரைக்கு ஆராதனை.
செவ்வாய் ராத்திரி கொடை,
வில்லுப்பாட்டு முடிந்து ஒரு மணிக்கு எங்கள் கச்சேரி;
அங்கே ஜெனரேட்டரைத் தாண்டிக் கேட்டால்தான் கூலி.

முதல் டப்பா.
விளக்கி வைத்த வெண்கலக் கும்பாவில்
கரண்டி பட்டது போல.
இரண்டாவது,
தொண்டை கட்டியவன் சொல்லும் உண்மை.
மூன்றாவதைச் செருகியதும்
நாங்குநேரி டோல்கேட்டில் லாரி ஒன்று
கியர் மாற்றிக் கிளம்பியது.

"இது எதுக்குக்கா?" என்றான் அசன் கனி.
"மாப்ள வீட்டுக்காரன் அட்வான்சத் திருப்பிக் கேப்பான்."

ஆம்ப் முப்பத்தெட்டு. டப்பா ஒவ்வொன்றும் ஆறு.
சீட்டு எடுத்த பணம் ஐம்பத்திரண்டு,
ஆட்டோ போக.
அதாவது இரண்டு தொண்டைதான்.
கரகரப்பும் லாரியும் எனக்குள்
மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கையில்
மணி ஆறு.

தெருவில் எல்லா மோட்டாரும் ஒன்றாய் ஓடத் தொடங்கின.
ஷெட் பல்பு மஞ்சளாகிச் சுருங்கியது.
நான் அப்போது இரண்டாவது கம்பியில் ஒரு ஸ்வரத்தை
வளைத்துப் பிடித்திருந்தேன்.

அது முதலில் குனிந்தது.
ஈரவேட்டி கால்களில் சுற்ற
படித்துறை ஏறுகிறவர் மாதிரி
ஒரு கணம் தாமதித்து,
பிறகு அகன்று மேலே வந்தது.

"இந்த நேரத்துல இப்படித்தான்" என்றார் கிருபா,
விருந்தாளி முன்னால் பிள்ளை அழுதுவிட்ட கூச்சத்தோடு.
"நூத்தி எழுவதுதான் வரும்."

மறுபடி அதே இடத்தை வளைத்தேன்.
மறுபடி.
மூன்று டப்பாவிலும் இல்லாதது
சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து வருகிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
மண்டபத்தில் ஜெனரேட்டர். கொடையிலும் அதுவே.
ஆராதனை காலையில்; கரண்ட் குறையாது.
காசு தருகிற ஓர் இடத்திலும் இந்தச் சத்தம் வராது.
முக்கூடலில், என் வீட்டில்,
பீடிக் கம்பெனி விட்டு எல்லாரும் குழாயடிக்குப் போகும் நேரத்தில்
வரும்.

"கும்பாவும் லாரியும் எடுத்துக்கிடுதேன்."
"லாரியா!" என்றான் அசன் கனி.
கிருபா கரகரப்பை உருவி
பழைய எக்ஸ்ரே உறையில் போட்டு வைத்தார்.
பள்ளத்துக்கு ஒரு அட்டையை வெட்டி அடைத்தார்,
பல்லி புகாதபடி.
"ஸ்டெபிலைசர் ரெண்டாயிரத்துக்குத் தாரேன். கட்டாயம் போடுங்க.
இல்லன்னா வால்வு ஆயுசு கொறையும்."
அதற்கும் பணம் எண்ணிக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு அதைக் கழற்றிவிடுவேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.
ஆட்டோவில் அசன் கனி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும்
பிடித்துக்கொண்டோம்.
இன்னும் சூடாகத்தான் இருந்தது.